சைலன்சர் அண்ணன்

கோயம்புத்தூரில் ஒருவர் தன் காருக்கு சைலன்சர் மாற்றியிருக்கிறார் என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர் வீடு திரும்பும்போது வாட்ச்மேன் ஹாரனுக்குக் காத்திருக்காமல் கேட்டைத் திறந்துவிடுவார். மாமியார் மூன்று தெரு தள்ளிச் சத்தம் கேட்டதுமே காபிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார். எதிர்வீட்டுக் கைக்குழந்தை தன் கண்டனத்தை உடனுக்குடன் தெரிவித்துவிடும்.

ஆனால் சைலன்சர் மாற்றியவர்கள் எல்லாரும் சைலன்சர் அண்ணன் ஆகிவிட முடியாது. மாற்றிய பிறகு வண்டி மிஸ்ஸிங் அடிக்க வேண்டும். ஐட்லிங்கில் குலுங்க வேண்டும். சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுமோ என்று ஆக்ஸிலரேட்டரைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டாஷ்போர்டில் அந்த மஞ்சள் இன்ஜின் படம் அணையாவிளக்காக எரிய வேண்டும். இத்தனைக்கும் பிறகு, இதற்கெல்லாம் காரணம் தான் மாட்டிய குழாயைத் தவிர இந்த உலகத்தில் வேறு எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மனசார நம்ப வேண்டும். அவர்தான் அண்ணன்.

எல்லா ஊரிலும் இந்த ரகம் உண்டு. கோவையில் கொஞ்சம் கூடுதல். ஊர் வாகு அப்படி. மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை சீட் ரேஸ் காரில் பூட்டி ஓடவிட்ட கரிவரதன் இந்த ஊர்க்காரர்; அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003 முதல் ரேஸ் டிராக் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் வளர்ந்ததும் இங்கேதான். போதாததற்குக் கணபதியிலும் பீளமேட்டிலும் சந்துக்குச் சந்து லேத்துப் பட்டறை. வேறு ஊரில் ஒருவருக்கு இப்படி ஆசை வந்தால், பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதற்குள் ஆசை ஆறிவிடும். இங்கே விசாரிக்கவே வேண்டாம். காலையில் நினைத்தால் சாயங்காலம் கடைந்து கையில் கொடுத்துவிடுவார்கள்.

நான் அறிந்த அண்ணன் வைத்திருப்பதே ஒரு லேத்துப் பட்டறைதான். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். மைக்ரான் கணக்கில் பேசுகிறவர். அவர் மனைவி தோசை வார்த்தால், நடுவில் தடிமன் கூடிவிட்டது என்று சொல்லக்கூடியவர், சொல்லியும் இருக்கிறார். வண்டி, இரண்டாம் கையாக வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட். வாங்கி ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதுதான் பிரச்சினை. ஒரு குறையும் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னதான் செய்வார்?

ஆகவே ஹெடர்ஸ் வந்தது. நாலு சிலிண்டரிலிருந்து வருகிற நாலு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி இறங்குகிற அந்தப் பளபளப்பைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கீழே இரண்டரை இன்ச் எஸ்.எஸ். பைப், கடைசியில் உள்ளங்கை நுழைகிற வாயோடு ஒரு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். நடுவில் இருந்த கேட்கான் வெளியே போயிற்று. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக வந்து, பிறகு நாடெங்கும் பரவிய கேட்டலிடிக் கன்வர்ட்டரைத்தான் கேட்கான் என்கிறார்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு மாதிரி ஒரு கல். நச்சுப் புகையைப் பெருமளவு குறைத்து அனுப்புகிற வேலை அதற்கு. அண்ணன் அகராதியில் அதன் பெயர் "அடைப்பு". உக்கடத்தில் பழைய சாமான்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, பேரம் பேசாமல் காசை எண்ணி வைத்தபோதாவது அண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஹெடர்ஸையும் பைப்பையும் இணைக்கிற ஃப்ளேஞ்சை மட்டும் வெளியில் வாங்க அவர் மனம் ஒப்பவில்லை.

"கடையில விக்கறதெல்லாம் தகரம்ங்ணா. நம்முளுது பத்து எம்.எம். பிளேட்டு. நானே நின்னு கடைஞ்சது. டயல் வச்சுப் பாத்தாச்சு, முள்ளு அசையல."

முள் அசையாதது நிஜம். அதற்குப் பிறகுதான் அந்த ஃப்ளேஞ்சை ஆர்கான் வெல்டிங்காரர் குழாயோடு சேர்த்துச் சுற்றிலும் பற்றவைத்தார். வெல்டிங்குக்குப் பிறகு டயல் வைக்கவில்லை. ஏற்கெனவே பார்த்தாயிற்றே!

முதல் வாரம் தேனிலவு. மே மாத வெயிலில் ஏ.சி.யை அணைத்துவிட்டு நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினார். கண்ணாடி ஏற்றினால் சத்தம் கேட்காதாம். போகிற வழியைத் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காமல், எங்கே சுவர் அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார். மேம்பாலத்துக்கு அடியில் நுழையும்போது தேவையே இல்லாமல் இரண்டாம் கியருக்கு இறங்குவார். அந்த எதிரொலி முடிகிறவரை அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் அம்மணி சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு, சொந்த ஊரில் யாருக்கோ வாக்கப்பட்டிருக்கலாமே என்ற தோரணையில் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

"பிக்கப் எப்புடி, பாத்தீங்களாங்ணா?"

பார்த்தேன். சத்தம் நூறில் போனது. ஸ்பீடாமீட்டர் நாற்பதில் இருந்தது. இது காது செய்கிற மோசடி. 1.2 லிட்டர் இன்ஜினில், இன்ஜினை ஆளுகிற கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வில் கை வைக்காமல் குழாயை மட்டும் மாற்றினால் கூடுகிற பவர், உட்கார்ந்திருக்கிற முதுகுக்குத் தெரியாத அளவுதான், அதுவும் ஆர்.பி.எம். முள் உச்சிக்குப் போகும்போது. சிக்னலிலிருந்து எடுக்கிற இழுவை உண்மையில் குறையும். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக ஓடுகிற புகை தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போய், அடுத்த சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். சின்ன இன்ஜினுக்குப் பெரிய குழாய் போட்டால் புகையின் வேகம் விழுகிறது. உறிஞ்சுகிற வேலையும் விழுகிறது. இதைத்தான் ஊரில் பாதிப் பேர் "பேக் பிரஷர் போச்சு" என்று தப்பான பெயரில் சரியாகப் புலம்புகிறார்கள்.

சட்டத்தைப் பற்றி அண்ணனிடம் பேசக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்றது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, சத்தத்துக்கும் புகைக்கும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது; மூன்று மாதச் சிறைக்கும் இடமுண்டு, லைசன்சும் மூன்று மாதம் போகும். "அதெல்லாம் பைக்குக்காரனுக்குங்ணா" என்பார். ஆனால் லட்சுமி மில்ஸ் சிக்னலில் வெள்ளைச் சட்டை தெரிந்தால், நியூட்ரலில் தள்ளி, பெருமாள் கோயில் பிரகாரத்தில் நடக்கிற மாதிரி மெல்ல நகர்த்திக்கொண்டு போவார்.

மிஸ்ஸிங் இரண்டாவது வாரம் ஆரம்பித்தது. அதில் ஒரு விசித்திரம்: காலையில் எடுத்தவுடன் வண்டி நன்றாகத்தான் இருக்கும். சில நிமிஷம் ஓடிச் சூடான பிறகுதான் குலுக்கல். ஹோப் காலேஜ் சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்கில் வைத்த கை நடுங்கும். வேகம் எடுத்தால் சரியாகிவிடும், நின்றால் மறுபடியும். கூடவே பெட்ரோல் வாடை. மைலேஜ், சொல்ல வெட்கப்படுகிற இடத்துக்கு வந்துவிட்டது.

இங்கேதான் அண்ணனின் சந்தேகப் படலம். முதல் குற்றவாளி பெட்ரோல் பங்க். பங்கை மாற்றினார். பிறகு எத்தனால் கலப்பு. அதற்காக மத்திய அரசையே கொஞ்ச நாள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். பிறகு ஸ்பார்க் ப்ளக். இரிடியத்தில் நாலு வாங்கிப் போட்டார். சூடான பிறகுதானே கோளாறு வருகிறது, அப்படியானால் இக்னிஷன் காயில்தான் என்று அதையும் மாற்றினார். த்ராட்டில் பாடி கழுவப்பட்டது. இன்ஜெக்டர் கழுவப்பட்டது. ஏர் ஃபில்டர் பாவம், ஒன்றும் அறியாதது, அதுவும் போயிற்று. ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றி மாட்டுவதால் வண்டி அரை நாள் ஒழுங்காக ஓடும். அந்த அரை நாளில் போன் வரும்: "புடிச்சுட்டேங்ணா! காயில்தான்!" மறுநாள் போன் வராது.

கோவையில் இப்படிப்பட்ட வழக்குகளின் விசாரணை நடக்கிற இடம் பேக்கரி. தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு, பானெட்டைத் திறந்துவைத்தால் போதும், பெஞ்ச் கூடிவிடும். அதில் ஒருவர், காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு "டைமிங்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார். எந்த டைமிங் என்று கேட்டால் கோபம் வரும். ஒருவர் தன் மச்சான் வண்டியில் இதே கோளாறு இருந்ததாகவும், விற்றதும் சரியாகிவிட்டதாகவும் சொல்வார். அம்பாசடர் காலத்துப் பெரியவர் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கார்ப்பரேட்டர் எங்கே என்று தேடுவார். அவரை உட்காரவைத்து, இந்த வண்டியில் கார்ப்பரேட்டரே கிடையாது என்று புரியவைப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று இருந்தது. "வண்டியில கடசியா என்ன மாத்துனீங்?" என்று கேட்டார். அண்ணன், "காயிலுங்க" என்றார். பெரியவர் கேட்டது அதற்கு முன்னால் நடந்ததை. அண்ணன் அவ்வளவு தூரம் பின்னால் போகத் தயாராக இல்லை.

அடுத்து அண்ணன் ஸ்கேனர் வாங்கினார். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் போனில் எண்கள் ஓடுகிற சின்ன டப்பா. வந்தது வினை. அதுவரை சந்தேகங்களோடு திரிந்தவர் இப்போது ஆதாரங்களோடு திரிய ஆரம்பித்தார். கல்யாண மண்டபத்தில், பந்தியில், பாயசத்துக்கு நடுவே போனை நீட்டுகிறார்.

"பி0171. சிஸ்டம் டூ லீன். லாங் டெர்ம் ட்ரிம் பிளஸ் இருவத்தஞ்சு."

அர்த்தம், இன்ஜினுக்குப் பெட்ரோல் பற்றவில்லை, ஈ.சி.யூ. வழக்கத்தைவிடக் கால்பங்கு கூடுதலாகக் கொட்டியும் பற்றவில்லை என்பது. உடனே பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால், புது இரிடியம் ப்ளக் அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடக்கிறது. அதாவது, எரிய முடியாத அளவுக்குப் பெட்ரோல். ஸ்கேனர் பட்டினி என்கிறது. ப்ளக் அஜீரணம் என்கிறது. அண்ணன் இரண்டையும் நம்பினார். இரண்டையும் ஒரே சமயத்தில் நம்புவதற்கு ஒரு தனி மனப்பக்குவம் வேண்டும்.

கடைசியில் யாரோ சொல்லி, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மேஸ்திரியிடம் போனோம். வயதானவர். பட்டறையில் கம்ப்யூட்டர் கிடையாது. சுவரில் முருகன் படம், அதற்குக் கீழே ஊதுபத்தி. அண்ணன் கோப்பு ஒன்று தயார் செய்து கொண்டுவந்திருந்தார், ஸ்கிரீன்ஷாட்டுகளின் பிரிண்ட் அவுட். மேஸ்திரி அதை வாங்கி, மரியாதையாக, டூல்ஸ் பெட்டியின் மேல் வைத்தார்.

வண்டியைச் சூடேறும்வரை ஓடவிட்டார். குலுக்கல் வந்தது. பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு மாட்டினார்; இதுவரை கற்றதையெல்லாம் அது மறக்கட்டும் என்றார். பிறகு குனிந்து, முன்பக்கத்து ஆக்ஸிஜன் சென்சாரின் ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டார். ஸ்டார்ட் செய்தால், சூடான வண்டி, குலுங்காமல் நிற்கிறது. ஷோகேஸில் வைத்த பொம்மை போல அசையாமல்.

"சென்சார் போச்சுங்களா? புதுசு வாங்கிடலாங்க" என்று அண்ணன் அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

"அவசரப்படாத சாமி. அது நல்லாத்தான் இருக்குது. அதுக்கு யாரோ பொய் சொல்லிக் குடுக்கறாங்க."

விஷயம் இதுதான். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது சுத்தமான பெட்ரோல் எரிவதற்கான பொருத்தம். எரிந்த புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று மோப்பம் பிடித்து, 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே மாறி மாறிச் சேதி அனுப்புவது அந்த சென்சாரின் வேலை. வண்டி குளிர்ந்திருக்கும்போது ஈ.சி.யூ. அதன் பேச்சைக் கேட்பதில்லை. அதனால்தான் காலையில் ஒழுங்கு. சூடான பிறகு கேட்க ஆரம்பிக்கிறது. இப்போது சென்சாருக்கு முன்னால் எங்காவது ஒரு லீக் இருந்தால், புகை வெளியே போகும் என்றுதான் நாம் நினைப்போம். போகும். ஆனால் புகை துடிப்புத் துடிப்பாக வருகிறது; இரண்டு துடிப்புக்கு நடுவில் குழாய் வெளிக்காற்றை உள்ளேயும் இழுக்கும். அந்தக் காற்றை மோந்த சென்சார், ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறது, பெட்ரோல் பற்றவில்லை என்று புகார் எழுதுகிறது. ஈ.சி.யூ. நம்பி ஊற்றுகிறது. ப்ளக் கறுக்கிறது. வேகமெடுத்தால் புகையின் வெள்ளத்தில் அந்தத் துளிக் காற்று ஒரு பொருட்டில்லை. ஐட்லிங்கில் அதுதான் ராஜா.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கேட்கானை எடுத்துவிட்டதால் பின்பக்கத்து சென்சார் புகார் சொல்லும் என்று அண்ணனுக்கு முன்கூட்டியே தெரியும். அதற்காக அதன் மரைக்கு நடுவில் ஒரு ஸ்பேசர் கடைந்து போட்டு, புகை அதன் மூக்கில் நேராகப் படாமல் செய்து, எல்லாம் சுபம் என்று அதை நம்பவைத்திருந்தார். பின்னால் இருக்கிற சென்சாரை ஏமாற்ற லேத்து போட்டவரை, முன்னால் இருக்கிறது இலவசமாக ஏமாற்றிக்கொண்டிருந்தது.

வண்டி ஆறட்டும் என்று மேஸ்திரி டீ வாங்கிவரச் சொன்னார். ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, முருகன் படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அங்கிருந்த ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். பையனிடம், சைலன்சர் வாயில் கந்தைத்துணியைச் சற்றே அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ஹெடர்ஸின் ஒவ்வொரு இணைப்பாக ஊதுபத்தியை நகர்த்தினார். புகை நூல் பிடித்த மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தது. அண்ணன் கடைந்த ஃப்ளேஞ்சின் இடது போல்ட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அது விக்கியது. விட்டு விட்டு, இன்ஜினின் தாளத்துக்குச் சரியாக, டப் டப் டப் என்று சிதறியது. துணியை எடுக்கச் சொன்னார். இப்போது அதே இடத்தில் புகை ஒரு கணம் உள்ளே இழுபட்டு, மறுகணம் வெளியே உதறப்பட்டது. நானும் குனிந்து பார்த்தேன். சுற்றிலும் சிவப்பு சிலிகான் பேஸ்ட் அப்பி, சூட்டில் கருகி, பொருக்குப் பொருக்காக நின்றது.

"அந்த ஃப்ளேஞ்ச் இருக்காதுங்க" என்றார் அண்ணன். "அது நான் கடைஞ்சது."

மேஸ்திரி பதில் சொல்லாமல் போல்ட்டைக் கழற்றினார். ஃப்ளேஞ்சைத் துடைத்து, அதன் முகத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, அண்ணன் கையில் கொடுத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடிக்கச் சொன்னார். நடுவில் ஸ்கேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. வெல்டிங் சூட்டில் பத்து எம்.எம். பிளேட் வாழைப்பழத் தோல் மாதிரி வளைந்திருந்தது. அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜை எடுத்தார். மாமனார் வீட்டுக்குப் போனாலும் அது அவர் பையில் இருக்கும். 0.15 எம்.எம். இதழ் தாராளமாக உள்ளே போய் வந்தது. 0.20 போட்டுப் பார்த்தார். அதுவும் போயிற்று. அதற்கு மேல் அவர் பார்க்க விரும்பவில்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "ஆர்கான்காரன் கெடுத்துட்டானுங்க."

"ஆமா சாமி, அவன்தான்" என்றார் மேஸ்திரி. "உன்ற லேத்துலயே புடிச்சு மேல ஒரு கட் போட்டுட்டு வந்துரு. கேஸ்கெட் ஒண்ணு, நல்லதா, முந்நூறு ரூவாய்க்குள்ள வரும். பேஸ்ட் அப்பாத; அந்த வாடை சென்சாருக்கு ஆகாது. கேட்கான் எங்க?"

"வீட்ல இருக்குதுங்க."

வீட்டில் இல்லை என்பது எனக்கும் தெரியும், உக்கடத்துக்காரருக்கும் தெரியும்.

ஃப்ளேஞ்ச் நேரானது. கேஸ்கெட் விழுந்தது. போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக இறுக்கினார்கள். மஞ்சள் விளக்கு அணைந்தது, ஐட்லிங் குலுக்கல் நின்றது, வாடை பாதி போயிற்று, மீதி கேட்கான் இல்லாத வாடை, அது இருக்கும். வண்டி குணமான அன்று அண்ணன் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. ப்ளக், காயில், பம்ப் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்த நோய்க்கு முந்நூறு ரூபாய் மருந்தா? ராஜவைத்தியம் பார்த்த வியாதிக்குப் பேர் சளி என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? பில்லை இரண்டு முறை பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லீங்களா?" என்று, ஏதாவது இருந்தால் நன்றாயிருக்குமே என்கிற குரலில் கேட்டார்.

அடுத்த ஞாயிறு பேக்கரியில் பெஞ்ச் நிறைய ஆள். அண்ணன் நடுவில். ஒரு கையில் டீ, ஒரு கையில் போன். ட்ரிம் பிளஸ் இருபத்தைந்திலிருந்து பிளஸ் இரண்டுக்கு இறங்கிய வரைபடத்தை ஒவ்வொருவருக்கும் விரலால் நகர்த்திக் காட்டுகிறார். ஈ.சி.யூ. அடாப்டேஷன் என்கிறார், க்ளோஸ்டு லூப் என்கிறார், ஆக்ஸிஜன் சென்சார் சிக்னலில் வந்த ஃபால்ஸ் ரீடிங் என்கிறார். டைமிங் என்று தீர்ப்பு எழுதியவர், "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று தலையாட்டுகிறார். கதை முக்கால் மணி நேரம் ஓடியது. சிங்காநல்லூர் வந்தது, முருகன் படம்கூட வந்தது. ஃப்ளேஞ்ச் மட்டும் வரவில்லை.